அக்கா வாசித்த கதையும் அச்சில் இருந்த கதையும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை எங்கள் கட்டடத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் வந்தது. யுத்தத்தால் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. ஏஜெண்ட் அதற்கு மேல் தரமாட்டேன் என்றுவிட்டார்.

2. வியாழக்கிழமை மூன்று மணிக்கு, எதிர் பிளாக் மாமியின் கூடத்தில், என் அக்கா அதை எல்லோருக்கும் உரக்கப் படித்தாள்.

3. அதில் ஒரு தொடர்கதை. இரண்டு சகோதரிகள். தங்கைக்கு வெளியூரில் வேலை கிடைத்து உத்தரவு வந்தது. அக்கா அதைத் தங்கைக்குத் தெரியாமல் அடுப்பில் போட்டாள்.

4. அதே மாதம் எனக்கு பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருஷம் வரைபடப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது.

5. நான் போகலாமா கூடாதா என்பதை எங்கள் கட்டடம் அந்தத் தொடர்கதையை வைத்து முடிவு செய்தது.

ஐந்தாவது வரியை எழுதிவிட்டு ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் பம்பாய் மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் ஒரு பிளாக்கில் இருந்தோம்; அங்கே ஒவ்வொரு குடித்தன வீட்டுக்கும் பிளாக் என்று பெயர். அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு வயதுப் பெண், நான். அம்மாவுக்கு அவ்வப்போது காலை வேளையில் மூச்சிழுப்பு வரும். அத்திம்பேர் ராணுவத்தில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக அஸ்ஸாம் பக்கம் போயிருந்ததால் அக்கா எங்களோடு வந்து இருந்தாள். நான் கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஜினீயரிங் கம்பெனியில் ட்ரேஸர். வரைபடக்காரர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியை விரித்து, கறுப்பு மையால் அப்படியே பிரதி எடுப்பது என் வேலை. மூலத்தில் இல்லாத கோடு துணியில் வரக்கூடாது. இருக்கிற கோடு விட்டுப்போகக் கூடாது. மூலமே தப்பு என்று தோன்றினால் தப்பையும் அப்படியே எடுத்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடலாம். அதற்கு மேல் எங்களுக்கு உரிமை கிடையாது.

பெங்களூர்ப் பயிற்சி முடிந்தால் பிரதி எடுப்பவளாக இல்லாமல் நானே வரைபவளாக ஆகலாம். ஆண்கள் யுத்தத்துக்குப் போய்விட்டதால்தான் பெண்களைக் கூப்பிட்டார்கள். யுத்தம் முடிந்தால் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம். பெண்களுக்கென்று தனி விடுதி உண்டு. மாதக் கடைசிக்குள் அப்பாவின் கையெழுத்தோடு பதில் போக வேண்டும்.

அம்மா சரி என்றால் தனக்கும் சரி என்றார் அப்பா. அம்மா, அக்காவைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்றாள். அக்கா, "தனியா அங்க எப்படி இருப்பா?" என்றாள். அதற்கு நான் விடுதியின் விதிகளை வரிசையாகச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டாள். மறுநாள் மறுபடி, "தனியா எப்படி இருப்பா?" என்றாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது எங்கள் வீட்டு விவகாரம். ஆனால் அம்மாவும் வியாழக்கிழமை வாசிப்புக்குப் போகிறவள். அங்கே கதையில் கடிதம் எரிந்த வாரம்தான் என் கடிதமும் வந்தது.

படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் யாராவது என்னை நிறுத்தினார்கள். இரண்டாம் மாடிக்காரி, கதையில் வரும் மூத்தவள் மாதிரி ஒருத்தி தனக்கு இருந்திருந்தால் தன் வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும் என்றாள். கீழ் பிளாக்கில் இருந்த புதுப்பெண், தன் அக்காவும் இப்படித்தான் கண்டிப்பாள், இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது என்று கண் கலங்கினாள். கடிதத்தை எரித்தவளைப் பற்றி இவர்கள் இப்படிப் பேசினார்கள். தங்கையைப் பார்த்து உனக்கு மூளை மட்டு, முகமும் மட்டு என்று வாரம் தவறாமல் சொல்கிறவளைப் பற்றி. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்து அந்தப் பத்திரிகையை நானும்தான் படித்தேன். ஒரே கதையைப் படித்துவிட்டு இத்தனை பேர் எப்படி இப்படி நினைக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

மாமியிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். எதிர் பிளாக் மாமி பாலக்காட்டுக்காரி, நல்ல மாதிரி, ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

"கடுதாசியை எரிச்சாளே மாமி, அது பாசமா?"

"எரிச்சா. எரிக்கறச்சே எத்தனை அழுதா, அதை நீ பார்த்தியோ? அடுப்புல போட்டுட்டுத் திரும்ப எடுக்கக் கையை விட்டா, கை பொள்ளிடுத்து. பாசம்னா அதாக்கும்."

அவள் அழவே இல்லை, கையும் சுடவில்லை, கடிதத்தைப் போட்டுவிட்டு ரசத்துக்கு உப்புப் பார்த்தாள், அவ்வளவுதான் கதையில் இருக்கிறது என்றேன். வீட்டுக்குப் போய்ப் பத்திரிகையைக் கொண்டுவந்து பக்கத்தைக் காட்டினேன். மாமி அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு மலையாளம்னா படிக்க வரும் குட்டி. நீ விரலை வெச்சுக் காட்டினா நான் என்னத்தைக் கண்டேன்?"

வீட்டில் தமிழ் பேசினாலும், பாலக்காட்டு மாமிகள் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். பம்பாயில் பிறந்த பெண்கள் படித்தது மராத்தியும் இங்கிலீஷும். அம்மாவுக்குத் தமிழ் தெரியும், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும். கட்டடத்தில் தமிழைத் தடையில்லாமல் படிக்கிறவர்கள் அக்காவும் நானும்தான். இந்த விஷயம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், கை பொள்ளியது மாமியின் சொந்தக் கற்பனை என்றே நினைத்துக்கொண்டேன். இது என் முட்டாள்தனம்.

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டேன். கூடத்தில் உட்கார இடம் இல்லாததால் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால், சுவரோரமாக நின்றேன். அங்கிருந்து பக்கம் முழுக்கத் தெரிந்தது.

அக்காவின் குரல் நல்ல குரல். நிதானமாக ஆரம்பித்தாள். முதல் பத்தி அச்சில் உள்ளபடியே வந்தது. இரண்டாவது பத்தியில் கதையின் அக்கா, தங்கையின் பட்டுப்பாவாடையை அவளைக் கேட்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள். என் அக்காவின் கண் அந்தப் பத்தியின் மேல் ஓடியது. வாய் வேறொன்றைச் சொன்னது. பாவாடையைப் பெட்டியில் மடித்து வைக்கும்போது, நீ இதைக் கட்டிக்கொண்டு என்னைவிட்டுப் போகிற நாள் வருமே என்று மூத்தவள் பெருமூச்சு விட்டாள் என்றாள். தடுமாற்றமே இல்லை. அடுத்த பத்தியில் மறுபடி அச்சோடு சேர்ந்துகொண்டாள். இரண்டாம் மாடிக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

என் மேஜையில் இப்படி ஒரு துணி வந்திருந்தால் பிளேடால் சுரண்டி, மை பரவாமலிருக்க மாவு தேய்த்து, மறுபடி வரைந்திருப்பேன். இங்கே எதைச் சுரண்டுவது? வாரக் கணக்காக அத்தனை பேரும் அலசி, அழுது, எனக்குப் புத்தி சொல்லிவந்தது யாரும் எழுதாத ஒரு கதையை வைத்து.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் கதையில் வருகிற தங்கை மாதிரியே துள்ளுகிறாள் என்பார்கள். அடுத்த வியாழக்கிழமைக்கு இன்னொரு லீவு போட்டேன். இந்த வாரம் நான் படிக்கிறேன் என்று கை நீட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பத்திரிகையைக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

அச்சில் உள்ளபடி படித்தேன். அந்த வாரம் தங்கை, தனக்கு ஏதாவது தபால் வந்ததா என்று கேட்கிறாள். "உன்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?" என்று மூத்தவள் சிரித்துவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறாள். நான் குரலில் ஒன்றும் சேர்க்கவில்லை.

இந்தத் தடவை யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"உனக்கு உங்கக்கா மேல கோபம் இருக்கலாம்," என்றாள் மாமி. "அதுக்காகப் பாவம், அந்தப் பொண்ணைப் பத்தி இப்படி மாத்திப் படிக்கலாமோ?"

ஒருத்தி விடாமல் எல்லோரும் தலையாட்டினார்கள். போன வாரம் வரை கையைச் சுட்டுக்கொண்டு அழுதவள் இந்த வாரம் சிரிப்பாளா, கதை எழுதுகிறவருக்கு அவ்வளவு தெரியாதா என்று புதுப்பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான். பெங்களூருக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் பெண் பொய் சொல்லவும் துணிந்துவிட்டாள் என்று அன்று மாலைக்குள் படிக்கட்டு முழுக்கப் பேச்சு. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

அம்மா பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கிப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் சமையல் ஆனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். முடித்ததும் பழைய இதழ்களைக் கேட்டாள். கடிதம் எரிந்த இதழை இரண்டு தடவை படித்தாள். இரண்டு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா போய் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏண்டி மாத்திப் படிச்சே?"

அக்கா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவா யாரும் பத்திரிகையைப் பார்க்கறதில்லேம்மா. என் மூஞ்சியைத்தான் பார்க்கறா. முதல் வாரம் அவ தங்கையைத் திட்டற இடம் வந்தது, படிச்சேன். நான் இவளைத் திட்டினாப்பல எல்லாரும் என்னையே பார்த்தா. அடுத்த வாரம் ஒரு வரி விட்டேன். அப்புறம் ஒரு வரி சேர்த்தேன்."

"கடுதாசியை எரிச்ச வாரம்?"

"அன்னிக்கு நிறைய சேர்க்க வேண்டியிருந்தது."

அதோடு நிற்கவில்லை. மூத்தவளின் கண்ணீரைப் பாராட்டி மாமி பத்திரிகாசிரியருக்கு ஒரு கடிதம் சொல்லச்சொல்ல அக்கா எழுதியிருக்கிறாள். எந்தக் கண்ணீர் என்று ஆசிரியர் பதில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அதைத் தபாலில் போடாமல் மிளகாய்த் தகரத்துக்கு அடியில் வைத்திருந்தாள். எழுந்துபோய் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

நான் கேட்டேன்: "பெங்களூர் எதுக்கு வேண்டாங்கறே? தனியா எப்படி இருப்பான்னு மட்டும் மறுபடி சொல்லாதே."

"நீ இருந்துடுவே. என்னாலதான் முடியாது," என்றாள் அக்கா. "குழாயில தண்ணி வர்ற அந்த அரைமணியில அம்மாவுக்கு இழுப்பு வந்தா நான் எந்தப் பக்கம் ஓடறது? அவர்கிட்டேர்ந்து கடுதாசி வந்து ரெண்டு மாசம் ஆறது. நீயும் போயிட்டா நான் யாரோட பேசறது?"

இதைக் கேட்டு மனம் இளகியது என்று எழுதினால் அது பொய். எரிச்சல்தான் வந்தது. இரண்டு நிமிஷத்தில் சொல்லக்கூடியதைச் சொல்லாமல், ஒரு கட்டடத்தையே அழவைத்து, என்னைப் பொய்க்காரி ஆக்கி, மாதத்தில் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டாள். ஆனால் சொன்ன காரணம் உண்மையான காரணம். விடுதி விதிகளைச் சொல்லி அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு தாளை எடுத்து, வீட்டில் நான் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதினேன். பதினொன்று வந்தது. தண்ணீர் பிடிப்பது, ரேஷன் வரிசை, மருந்து வாங்கி வருவது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வார்கள் என்று எழுதினேன். ரேஷன் அப்பாவுக்குப் போயிற்று. தண்ணீரைக் கீழ் பிளாக் புதுப்பெண்ணின் வேலைக்காரியிடம் சொல்லி ஏற்பாடு செய்யலாம். கடைசியில் ஒன்றுதான் காலியாக நின்றது: காலையில் இழுப்பு வந்தால் அம்மாவைப் பார்த்துக்கொள்வது.

அம்மா தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இழுப்பு என்னோடது. அதை நான் பார்த்துக்கறேன்," என்றாள். "அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லு."

அக்கா என் பென்சிலை வாங்கினாள். பதினொன்றுக்குக் கீழே பன்னிரண்டு என்று போட்டு, "என்னோட பேசறது" என்று எழுதினாள். எதிரே யார் பெயரையும் எழுதவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது நிலைமை இது. நான் பெங்களூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பயிற்சி முடிய இன்னும் ஒரு வருஷமும் நாலு மாதமும் இருக்கிறது. அதற்குப் பிறகு பம்பாய்க்குத் திரும்புவேனா என்று அக்கா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாள். நான் இன்னும் பதில் எழுதவில்லை. அத்திம்பேரிடமிருந்து தபால் வந்துவிட்டது. அம்மாவுக்கு இரண்டு தடவை இழுப்பு வந்து போயிற்று. வியாழக்கிழமைகளில் அக்காதான் படிக்கிறாள்; அச்சில் உள்ளபடி படிக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. மாமி, ஆசிரியரின் பதில் வரும் என்று காத்திருக்கிறாள், கதையை மாற்றிப் படித்தவள் நான்தான் என்றும் நம்புகிறாள். பன்னிரண்டாவது வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை.