செங்கம்மாளுக்கு அடித்த மணி

திருவள்ளூர் பஜாரில் இருக்கும் பழைய சர்ச்சின் மணி, எண்பத்திரண்டாம் வருஷம் ஒரு பட்டப்பகலில் தானாக அடித்தது என்று சொல்வார்கள். தானாக என்றால் சும்மா தானாக இல்லை. சுவரோரம் கல்லுக்கு அடியில் படுத்திருக்கும் வெள்ளைக்காரப் பாதிரியார் எழுந்து வந்து கயிற்றை இழுத்தாராம். எதிரே டீக்கடை வைத்திருந்த பச்சையப்பன் அந்த வெள்ளைக் கையைக் கண்ணால் பார்த்தானாம். எதிரில் வரும் சொந்த மச்சானையே "யாருபா அது" என்று கேட்கிற கண் அவனுக்கு. வதந்திக்கு அந்தக் கண்ணே போதும். நடந்தது வேறு. அது விக்டோரியாவின் கதை. கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள்.

அந்த சர்ச்சில் பெருக்குவது, கஞ்சி காய்ச்சுவது, மணி அடிப்பது எல்லாம் விக்டோரியாதான். முன்பு அவள் புருஷன் தானியேல் பார்த்த வேலை. அவன் மஞ்சள் காமாலையில் போனபின் சபைக் கமிட்டி அவளுக்கே கொடுத்தது. வேலையோடு சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறையும் உண்டு. வேலை போனால் அறையும் போகும். அப்புறம் பொதட்டூர்பேட்டையில் அண்ணன் வீடுதான் கதி. அங்கே இருக்கிற அண்ணியின் வாய்க்குப் பயந்து காக்காய்கூட அந்தக் கூரையில் உட்காராது.

சர்ச்சைக் கட்டிய பாதிரியார் ஒரு பஞ்ச காலத்தில் வாசலில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். வருகிறவரிடம் என்ன சாதி, என்ன சாமி என்று கேட்கக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அவர் போன பிறகும் சபைப் பெண்கள் அதை விடவில்லை. வீட்டில் உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து சர்ச்சில் கொட்டுவார்கள். அந்தப் பிடியரிசிதான் வாரம் முழுக்கக் கஞ்சி.

அரிசிக்குப் பதில் ரேஷனில் மைலோ என்ற அமெரிக்கச் சோளம் போட்ட கஷ்ட காலத்தில், செங்கம்மாள் மூன்று பிள்ளைகளோடு அந்த வாசலில் வந்து நின்றாள். கடம்பத்தூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். அந்த வருஷம் நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. விக்டோரியா ஊற்றிய கஞ்சியில் பிள்ளைகள் பிழைத்தன. பெரியவன் வளர்ந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். வீட்டில் உலை வைக்கிற நிலைமை வந்ததும் செங்கம்மாளும் பிடியரிசி எடுத்து வைக்க ஆரம்பித்தாள். ஞாயிறு தவறாமல் முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். கேட்டைத் தாண்டமாட்டாள்.

"உள்ள வந்து குந்தேன் செங்கம்மா. யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

"நான் வந்து குந்துனா எங்க மாரியாத்தா கோவிச்சுக்குவாக்கா. அரிசிக்கு அந்தக் கோவம் கெடையாது. புடி."

ஒருமுறை கமிட்டி செக்ரட்டரி ராஜமாணிக்கம், "ஞானஸ்நானம் எடுத்துக்கிறியாம்மா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"இப்பதான் சார் ஏரில குளிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். விக்டோரியா துடைப்பத்தைத் தேடுகிற மாதிரி குனிந்து சிரித்தாள்.

அந்த சபையில் ஒரு வழக்கம் இருந்தது. சபையார் யாராவது இறந்தால், பாடை வாசலைத் தாண்டும்வரை மணி அடிக்கும். ஓர் அடி, அந்தச் சத்தம் அடங்கியபின் இன்னோர் அடி. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அது கிடையாது என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. மீறினால் வேலை இல்லை என்று ராஜமாணிக்கம் விக்டோரியாவிடம் தெளிவாகச் சொல்லியும் இருந்தார்.

செங்கம்மாள் பாம்பு கடித்துச் செத்தாள். மறுநாள் உச்சி வேளையில் அவள் பாடை பஜார் வழியாக வந்தது. கோயிலோ மசூதியோ சர்ச்சோ, எதைத் தாண்டும்போதும் மேளத்தை நிறுத்துவது அந்தப் பக்கத்து மரியாதை. சர்ச் வாசலிலும் நிறுத்தினார்கள். அதுவரை காதைக் கிழித்த சத்தம் நின்றதும், செருப்புக் கால்கள் மண்ணில் தேய்வது மட்டும் கேட்டது.

விக்டோரியா கஞ்சி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்டாவில் நேற்றுக் கரைந்தது செங்கம்மாள் கடைசியாகக் கொடுத்த பிடி. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மணிக்கோபுரத்தின் பின்கதவு வழியாக உள்ளே போனாள். கயிற்றைப் பிடித்தாள். அறை நினைவுக்கு வந்தது. அண்ணியும் நினைவுக்கு வந்தாள். இழுத்தாள்.

ஓர் அடி. அது அடங்கட்டும் என்று காத்திருந்து, இன்னோர் அடி. பாடை தாண்டும்வரை அடித்தாள்.

கோபுரத்தின் முன்கதவில் பூட்டு தொங்கியது; உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியாது. தெருவில் எல்லோரும் பாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சையப்பன் மட்டும் எதையோ பார்த்தான். மறுநாளே பாதிரியார் கல்லின் மேல் எலுமிச்சம்பழம் வந்தது; பிறகு கற்பூரம், மஞ்சள். சிலை கூடாது, படம் கூடாது என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்த சபைக்கு இது எப்படி இருக்கும்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. சபைப் போதகரை எல்லோரும் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நடுவில் உட்கார்ந்தார். விக்டோரியா கதவோரம் நின்றாள்.

முதலில் பச்சையப்பன்.

"முழங்கை வரிக்கும் வெள்ள சட்ட சார். பட்டன் கூட தெரிஞ்சுது."

"பாலுல எவ்ளோ தண்ணி ஊத்துறேன்றது மட்டும் உன் கண்ணுக்குத் தெரியாதே" என்றார் ராஜமாணிக்கம். யாரும் சிரிக்கவில்லை.

அவர் விக்டோரியா பக்கம் திரும்பினார். "கோபுரக் கதவுச் சாவி உன்கிட்டதான் இருக்குது. யாரு அடிச்சது?"

ஐயர் குறுக்கிட்டார். நல்ல மனுஷர், அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். "கயிறு பழசு. அன்னிக்குக் காத்து வேற. காத்துலதான் அடிச்சிருக்கணும். இல்லம்மா விக்டோரியா?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அறை நிற்கும், அடுப்பு நிற்கும். விக்டோரியாவுக்கு அது புரிந்தது. தலையசைத்தால் செங்கம்மாளுக்காக இந்த சர்ச்சில் ஓர் ஆளும் எழுந்திருக்கவில்லை என்றாகிவிடும் என்பதும் புரிந்தது. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"காத்தும் இல்ல, வெள்ளக் கையும் இல்ல சார். நான்தான் அடிச்சேன். பாதிரித் தொர செத்து எத்தினி காலமாச்சு? அவருக்கு செங்கம்மா யாருன்னு தெரியுமா? எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்."