பாறணைக் குளிசை

ஒருவருக்கு மருந்து வரவரக் கூடுதலாகத் தேவைப்பட்டால், அவரிடம் கூடியிருப்பது நோவா, ஆசையா? நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்த கனகலிங்கத்தின் கடைசிக் காலம் இந்தக் கேள்வியைத்தான் அவர் மனைவி ஞானாம்பிகைக்கு முன்னால் வைத்தது. அவள் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டாள்.

கனகலிங்கத்துக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய். கிளினிக்கில் நோவுக்கு மோர்ஃபின் குளிசை கொடுத்தார்கள். தொடக்கத்தில் அது நன்றாகக் கேட்டது. தோட்டம்வரை நடந்துபோய், குலை வெட்டுகிறவர்களில் குறைபிடித்துவிட்டு வருவார். பொறுமைசாலி என்று அவரைச் சொல்ல முடியாது. பிறகு, காலையில் போட்ட குளிசையின் வேகம் மத்தியானத்துக்கு முன்பே விட்டுப்போகத் தொடங்கியது. டொக்டர் அளவைக் கூட்டினார். சில மாதங்களில் மறுபடியும் கூட்டினார்.

ஞானாம்பிகையைப் பயம் பிடித்தது. அவளுடைய தம்பி மார்க்கண்டு குடித்தே செத்தவன். அவனும் கொஞ்சத்தில்தான் தொடங்கினான். கூடக் கேட்கிற எவரையும் அவள் அவனை வைத்தே அளந்தாள்.

"இஞ்சேருங்கோ, உது நோவுக்கோ கேக்கிறியள், பழக்கத்துக்கோ?"

"வாழைக்குப் பசளை கூட்டு, குலை பெருக்குமெண்டு நிண்டு போடுவிக்கிறவள் நீ. எனக்குக் கூட்டினால் மட்டும் பழக்கமோ?"

"மார்க்கண்டுவும் உப்பிடித்தான் பகிடி விட்டவன்."

அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. நோய் வந்ததிலிருந்து அவர் விரதம் பிடிப்பதில்லை.

"இந்தமுறை பிடியுங்கோ. ஆறு நாளும் குளிசையையும் விட்டுப் பாருங்கோ. ஆசையெண்டால் முருகன் கழட்டிவிடுவான்."

மருந்துக்கு விரதமில்லை என்று கோயில் ஐயர் அவளிடம் சொல்லியிருந்தார். அதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. அவர் அவளையே பார்த்தார்.

"ஓம், விடுறன்" என்றார்.

விரத நாள்களில் அவருக்கு மூக்கால் ஓடியது. வயிற்றால் போனது. ஓயாமல் கொட்டாவி விட்டார். வியர்த்தது, உடனேயே குளிர்ந்து நடுங்கியது. கால்களை ஓரிடத்தில் வைத்திருக்க முடியவில்லை. முகம் துடைக்கிற துவாயைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எல்லாம் ஆசை கழன்றுபோகிற அடையாளம் என்று ஞானாம்பிகை நம்பினாள். அப்படி நம்பியிராவிட்டால் அவளால் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க முடியாது.

சூரன்போருக்கு மறுநாள் காலை, விரதம் முடிக்கும் பாறணை. அவள் முழுகிச் சமைத்து வாழையிலை போட்டாள். நோவில் சுருங்கிப்போயிருந்த அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும், விரதத்துக்கு முந்திய நாள் காலையில் எவ்வளவு கொடுத்தாளோ அவ்வளவையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்றும் கூட்டிக் கொடுக்கவில்லை. டொக்டர் எழுதிய அளவுதான்.

அவர் படுத்தார். இத்தனை நாள் நித்திரையில்லாத மனிதன், தூங்கட்டும் என்று அவள் சட்டிபானை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி மிக நீண்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூப்பிட்டாள், உலுக்கினாள். கண் திறக்கவில்லை. அயலார் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்தை முறிக்கிற ஊசி போட்ட பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

அழுதழுது எல்லாவற்றையும் சொன்னவளுக்கு டொக்டர் விளங்கப்படுத்தினார்.

"அம்மா, இந்த மருந்து போய்ப் பிடிக்கிற இடங்கள் நரம்பிலை இருக்கு. நாளும் பிடிச்சால் நரம்பு அதுக்குப் பழகிப்போடும். அந்த இடங்களின்ரை வேலை குறையும். நோவைச் சொல்லுற வேகத்தை நரம்பு கூட்டிப்போடும். அதாலைதான் கூடத் தேவைப்படுறது. நோயும் கூடியிருக்கலாம். அது ஆசை இல்லை. உங்கடை தம்பியின்ரை கதை வேறை."

"அப்ப டொக்டர், பழைய அளவுதானே குடுத்தனான்?"

"அவரின்ரை மூச்சும் மருந்துக்குப் பழகியிருந்தது. ஆறு நாள் விட்ட உடனை அந்தப் பழக்கம் கழண்டுபோச்சு. உடம்பு புதுசாப் போச்சு, அளவு பழசு."

நரம்புக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. அதற்குப் பழகத் தெரியும், பழகியதை மறக்கவும் தெரியும். அவ்வளவுதான். ஞானாம்பிகை அதைக் கணவனின் குணம் என்று எடுத்திருந்தாள்.

டொக்டர் மறுபடி சிறிய அளவில் தொடங்கினார். நோவைப் பார்த்து மெல்ல மெல்லக் கூட்டலாம் என்றார். அதன் பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளும் பஸ்ஸிலேயே ஞானாம்பிகை தொடங்கிவிடுவாள்.

"இண்டைக்குக் கூட்டச் சொல்லிக் கேளுங்கோ. நான் இனி ஒரு சொல்லும் சொல்லமாட்டன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அவர் யன்னலால் வாழைத்தோட்டங்களைப் பார்த்தபடி வருவார்.

ஒருநாள் அவளே டொக்டரிடம் சொன்னாள். "இவருக்கு உந்த அளவு காணாது டொக்டர். துவாய் கிழியக் கிழியக் கடிக்கிறார்."

டொக்டர் கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "என்ன ஐயா, கூட்டட்டோ?"

"வேண்டாம். இந்த அளவே காணும்."

அவர் அவளைத் தண்டித்தாரா, அல்லது மார்க்கண்டுவோடு தன்னைச் சேர்த்துப் பேசியதற்குத் தன் பக்கத்தை நிரூபித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஏனென்று கேட்டாள். அவர் தண்ணீர் கேட்டார், குடித்தார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த ஆடியில் இறக்கும்வரை அந்தச் சிறிய அளவுக்கு மேல் ஒரு குளிசையும் அவர் வாங்கவில்லை.