சீட்டில் இருந்த தேதி

போன வாரம் எங்கள் வீட்டுப் பிரிண்டரில் மகள் விசாக் காகிதங்களை அச்செடுத்துக்கொண்டிருந்தாள். மேற்படிப்புக்கு மெல்போர்ன் போகிறாள். என் அக்கா வீட்டில் தங்கப்போகிறாள். தாள்கள் சூடாக வந்து விழ விழ, நான் எடுத்து எடுத்துத் தேதிகளைப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்த்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “அம்மா, ஐ ஆல்ரெடி செக்ட்,” என்றாள். பார்த்திருப்பாள், சந்தேகமில்லை. ஆனால் சூடான தாளின் அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், எனக்குத் தேதியைப் பார்த்தாகவேண்டும். இன்று நேற்றல்ல, இருபது வருஷமாக இப்படித்தான்.

அந்த வாசனை எனக்குப் பழக்கமானது அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவில் ஒரு ஜெராக்ஸ் கடையில். பக்கத்தில் இந்திய மளிகைக் கடை என்பதால் கொஞ்சம் பெருங்காயமும் கலந்து வரும். கல்யாணமாகி டிபென்டென்ட் விசாவில் வந்திருந்தேன். கணவருக்கு வேலை விசா, அதில் தொங்கிக்கொண்டு எனக்கு ஒன்று. அந்த நாளில் அப்படி வந்த மனைவி வேலைக்குப் போகக் கூடாது. சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் ஆறு பேரை மேய்த்தவள், இங்கே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை கடையாகச் சுற்றினேன். எந்த வாரம் முருங்கைக்காய் முற்றலாக வரும் என்று எனக்கு அத்துப்படி. அதற்கு யாரும் பதவி உயர்வு கொடுக்கவில்லை.

அக்கா எனக்கு முன்பே மெல்போர்ன் போனவள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் லைப்ரரியில் நடக்கும் பெண்கள் கூட்டத்துக்குத் தவறாமல் போவாள். ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டு அவளைப் பிடித்தால், முக்கால்வாசி நேரம் அந்தக் கூட்டத்துச் சண்டைதான். பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கவேண்டியது கம்பெனியா, அரசாங்கமா? டேகேர் செலவை ஏன் எப்போதும் பெண்ணின் சம்பளத்திலேயே கழித்துப் பார்க்கிறார்கள்? பெரிய கம்பெனிகளின் தலைமையில் எத்தனை பெண்கள் என்று ஒரு கட்சி பேசும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வியட்நாம் பெண்மணி ஒருத்தர் எழுந்து, முதலில் என் நைட் ஷிப்டைப் பற்றிப் பேசுங்கள் என்பாராம். நான் ரசத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே “ம்” கொட்டுவேன். அக்காவுக்கு வேறு வேலையில்லை என்று மனசுக்குள் நினைத்ததும் உண்டு. உங்களிடம் மறைப்பானேன்.

ஒரு ஞாயிறு பேச்சு விசா பக்கம் திரும்பியது. கணவன் விசாவை நம்பி வந்தவள், அவன் அடித்தாலும் விசா போய்விடுமே என்று வாயைத் திறப்பதில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஆஸ்திரேலியச் சட்டத்தில் ஒரு வழி உண்டாம். ஆனால் அது அவளுக்குத் தெரியவேண்டாமா என்று அந்த வாரக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று கேட்டாள்.

“சரி, உனக்கு விசா எது வரைக்கும் இருக்கு?”

“அவருக்குத் தெரியும்கா.”

“அவருக்குத் தெரியறது இருக்கட்டும். உனக்குத் தெரியுமா?”

“எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்லக்கா. அவர் தங்கமானவர்.”

“தங்கமாவே இருக்கட்டும்டி. போய்ப் பாரு.”

எனக்கு வந்ததே கோபம். அவள் வாயை அடைக்கவேண்டும் என்பதற்காகவே அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தேன். அப்போது எங்களைப் போன்ற எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு ஃபைல் இருந்தது. அதை ஆண்கள்தான் எடுப்பார்கள், ஆண்கள்தான் வைப்பார்கள். நாங்கள் கூப்பிட்டபோது வந்து கையெழுத்துப் போடுவோம். என் பாஸ்போர்ட்டில் ஒரு வெள்ளைச் சீட்டு பின் அடித்திருந்தது. அதிலிருக்கும் தேதி வரைதான் நாட்டில் இருக்கலாம். அவருக்கு இன்னும் மூன்று வருஷம் நீட்டித்துப் புதுத் தாள் வந்திருந்தது. எனக்கு அப்படி ஒன்று இல்லை. என் சீட்டின் தேதி எப்போதோ முடிந்திருந்தது. காலண்டரை வைத்து எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று நாள்.

அவர் ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பெனில உனக்கும் சேத்துதான் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்மா,” என்றார். கம்பெனி அவருக்கு மட்டும்தான் போடும். மனைவிக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். இந்த ஊரில் நம்மவர்களில் எத்தனையோ கெட்டிக்காரர்கள் இந்த இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள். மறுநாள் வக்கீல் போனில் விவரம் சொன்னார். நூற்றெண்பது நாள் தாண்டி ஒரு நாள் இருந்தாலும், வெளியே போனபின் மூன்று வருஷம் உள்ளே வரமுடியாது. குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. இங்கே பிறந்த அமெரிக்கப் பிரஜை அவள். அவளுக்கு நாட்டில் இடமுண்டு, அவள் அம்மாவுக்கு இல்லை.

அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. எல்லாம் என்மேல்தான். டிகிரி வாங்கியவள், எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டாயே, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளாவது படித்தாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன். மௌரி அவென்யூ கடையில் நின்று ஒவ்வொரு தாளையும் மூன்று பிரதி எடுத்தேன். நூற்று எழுபத்தோராவது நாள், குழந்தையோடு சென்னைக்கு விமானம் ஏறினேன்.

புது விசாவுக்காக அங்கே அமெரிக்கத் தூதரக வரிசையில் நிற்கும்போது, கணவர் சொல்லிக்கொடுத்த பதிலை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனியின் தவறு என்று சொல்லவேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, தேதி முடிந்தும் ஏன் தங்கினீர்கள் என்று கேட்டதும் அத்தனையும் மறந்துவிட்டது. “நான் என் பேப்பரைப் படிக்கவில்லை. கண்டுபிடித்ததும் கிளம்பி வந்துவிட்டேன்,” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், விசா உண்டு என்று சொல்லி, அதை ஒட்டித் தர பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். வெளியே வந்து பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வெறி. எங்கள் அபார்ட்மென்ட்டில் டிபென்டென்ட் விசாவில் இருந்த பெண்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினேன். பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள் என்றேன். சிலர் சிரித்தார்கள், சிலருடைய கணவர்கள் என்னிடம் முகம் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஒருத்திக்கு இரண்டே வாரம் பாக்கி இருந்தது. மாடியில் கடைசி வீட்டுப் பெண் மட்டும் கதவைப் பாதி திறந்து நின்றாள். “அவர் வந்ததும் கேக்கறேங்க,” என்றாள். அடுத்த முறை போனபோது, “அதெல்லாம் உனக்கெதுக்குன்னாருங்க,” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். மூன்றாம் முறை உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “ஃபைல் எங்க இருக்குன்னே தெரியலைங்க.”

இரண்டு வாரம் கழித்துப் போனபோது வீடு காலி. கார்ப்பெட் சுத்தம் செய்ய ஆள் வந்திருந்தான். டெக்சாஸ் போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். இல்லை, அவளை மட்டும் புருஷன் ஊருக்கு அனுப்பிவிட்டான் என்றார்கள் வேறு சிலர்.

இப்போது அந்த விசாவில் வரும் பெண்களில் ஒரு பகுதியினர் வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சலுகை எப்போது போகுமோ என்ற பயம் அவர்களுக்கு. வெள்ளைச் சீட்டு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் ஜவ்வரிசி போட்ட போபா டீ விற்கிறார்கள். மெல்போர்ன் கூட்டமும் கலைந்து போனில் ஒரு குரூப்பாகிவிட்டது, சண்டை மட்டும் குறையவில்லை என்கிறாள் அக்கா.

இந்தக் கதையை மகளிடம் அன்றுதான் முழுதாகச் சொன்னேன். பிரிண்டர் நின்றுவிட்டது. அவள் தாள்களை மறந்துவிட்டு, “அப்போ அந்த ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு?” என்று தமிழிலேயே கேட்டாள். தெரியாது என்றேன். “வி கேன் ஃபைண்ட் ஹர், அம்மா. வாட்ஸ் ஹர் நேம்?” என்று போனை எடுத்தாள்.

நாங்கள் எல்லாரும் அவளை செந்தில் வைஃப் என்றுதான் சொல்வோம். மூன்று தடவை அவள் வாசலில் நின்றிருக்கிறேன். பேரைக் கேட்கவில்லை.