அந்த வார்த்தையை எழுதியவன் நான்

பன்னிரண்டு வருடம் நிருபராக இருந்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்கு மக்கள் தொடர்பு அதிகாரியாகப் போனேன். நிருபர்கள் எதைக் கேட்பார்கள், எதைக் கேட்காமல் விடுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

மூன்றாவது மாதம், மெஷினில் சிக்கி ஒரு தொழிலாளியின் வலது கை போனது. மெஷினின் தடுப்புக் கம்பி ஒரு வாரமாக உடைந்து கிடந்தது எனக்குத் தெரியும். ஆனாலும், "தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பத்திரிகைகளில் இருந்த பழைய நண்பர்கள் என்னை நம்பி, மறுகேள்வி இல்லாமல் போட்டுவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி அந்தப் பேப்பரோடு கம்பெனி வாசலில் நின்றிருந்தார். நான் செய்தி எடுக்க வந்திருப்பதாக நினைத்துவிட்டார்.

"அண்ணா, எங்க தெருவுல சாக்கடத் தண்ணி பூந்தப்போ எழுதினது நீங்கதானே? எங்க ஊட்டாண்ட குந்திகினு கேட்டீங்களே! இவுரு கவனமாத்தான் வேல செஞ்சாரு. இத்த எவன் எழுதினான்னு கண்டுபுடிங்கண்ணா."

கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைச் சட்டைக்குள் தள்ளினேன். "விசாரிக்கிறேம்மா" என்றேன். என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து ஃபோன் செய்தார். இன்னும் தெரியவில்லை என்றேன்.

"பரவால்லண்ணா. எங்களுக்காக நீங்க ஒருத்தராவது கேட்டீங்களே, அது போதும்."

அந்த வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த நன்றியை எங்கே இறக்கிவைப்பது என்றுதான் தெரியவில்லை.