பானகச் சொம்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அஸ்தினாபுரம் வீட்டில், மாதாமாதம் காலண்டரைப் பார்த்தே செத்துப் பிழைத்தேன். நாள் தள்ளிப்போகும். யாரிடமும் மூச்சு விடமாட்டேன். சில நாளில் வயிற்றைப் பிசைந்துகொண்டு வந்துவிடும். ரெண்டு தடவை இப்படி. குளித்துவிட்டு வெளியே வந்தால் வாசலிலேயே மாமியார். "தலைக்கு ஊத்திக்கினியா?" என்பார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

குரோம்பேட்டை லேடி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். சுகராம்! எனக்கா?

"கரு உண்டாகியிருக்கலாம்மா. ஆனா சுகர் ஏறிக் கிடந்தா, கர்ப்பப்பையோட உள்சவ்வு அதை ஏத்துக்கிற பக்குவத்துக்கு வராமலே போயிடும். ஓதம் அடிச்ச சுவத்துல சுண்ணாம்பு நிக்குமா? முதல்ல சுகரை இறக்குவோம்."

"இறக்கினா நிக்குமா டாக்டர்?"

"வாய்ப்பு கூடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், பாவி மனுஷி.

ஊசி போட ஆரம்பித்தேன். மாமியாரும் என் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார். ஆனால் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே செய்துவந்ததுபோல, ஒவ்வொரு சுவாதி நட்சத்திரத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ரயிலேறிப் போய், நரசிம்மருக்குப் படைத்த பானகத்தைச் சொம்பில் கொண்டுவருவார். வெல்லம் கரைத்து ஏலக்காய் தட்டிப் போட்டது. எனக்குப் பிள்ளை பிறக்கவேண்டும் என்றுதான் அந்த வேண்டுதலே. "சாமி பிரசாதம் இன்னாடி பண்ணும்? அதெல்லாம் கணக்குல வராது, குடி" என்பார். சாமி விஷயமாச்சே, எப்படி மறுப்பது? குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வயிற்றில் கை வைத்துக்கொண்டு கிடப்பேன்.

மூன்றாவது தடவையும் நாள் தள்ளியது. அந்த வாரமே சுவாதி. சொம்பை நீட்டினார்.

"வேணாம் அத்தை! டாக்டர் சொன்னது சாமி வெல்லத்துக்கும் சேர்த்துதான். இதுவாவது நிக்கட்டும், என்னை விட்டுடுங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சொம்பை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்போ, முன்னாடி ரெண்டு தபாவும் நான் குட்த்துதான் போச்சா?"

"ஒரு டம்ளரால அப்படி ஆகாது அத்தை, சுகர் முன்னாடியிலேர்ந்தே இருந்திருக்கும்" என்றேன். காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர் குளியலறை வாசலில் நிற்கவே இல்லை. நான் உள்ளே போனால் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். வெளியே வந்து, நானே "இல்லை அத்தை" என்று சொன்ன பிறகுதான் மறுபடி கேட்கும். ஐயோ, அந்த வாரங்கள்! எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே பயம்.

இந்தத் தடவை கரு நின்றது. மகள் பிறந்தாள்.

பிறந்த குழந்தையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். சேனை வைப்பது என்போம். உறவெல்லாம் சுற்றி நிற்க, மாமியார் கிண்ணத்தில் விரலை நனைத்தார். குழந்தையின் வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் வைக்கலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார். "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுகினு வரட்டா?"