பெருவாயி

என் தங்கையின் கணவனை இந்த நாட்டில் தொலைக்காட்சி பார்க்கும் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஊர் ஊராகப் போய், கடற்கரையையும் அருவியையும் ஹோட்டல் சாப்பாட்டையும் காட்டுகிறவன். எனக்கு அவன் மச்சான். ஒரே வயதுக்காரர்கள்.

கோயில் திருவிழா மேடைகளில்தான் அவன் தொடங்கினான். களுதாவளையில் அவனுடைய பகிடிக்காகவே ஆரையம்பதியிலிருந்து நாங்கள் சைக்கிளில் போவோம். யுத்த காலம். துவக்கு வைத்திருந்தவர்களைப் பகிடி பண்ண முடியாது. எனவே துவக்கில்லாதவர்களைப் பண்ணினான். திக்குவாய்க்காரரைப் பண்ணினான், கால் போனவரைப் பண்ணினான், புருஷன் காணாமற்போன பின்பும் பொட்டு வைத்த ஒரு பெண்ணைப் பண்ணினான். அந்தப் பெண் முன்வரிசையில் இருந்தாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் அந்தச் சனத்தில் ஒருவன்.

அவனுடைய பெயர்போன பகிடி களவெட்டிப் பேச்சு. எங்கள் வயல்வட்டைகளில் சூடு மிதித்து நெல் பிரிக்கும்போது களத்தில் நின்று எதையும் அதன் பெயரால் சொல்லமாட்டார்கள். பூதம் கேட்டுவிட்டால் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பயம். நெல் அங்கே பொலி. நெல் அள்ளும் ஓலைப்பெட்டியான கடகம் பெருவாயன். இலக்கண நூல்கள் இதைக் குழூஉக்குறி என்கின்றன. மச்சான் அந்தச் சொற்களைத் தேத்தண்ணிக் கடைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் கொண்டுபோவான். நியாயமான பகிடி, அதில் யாருக்கும் நோகவில்லை.

வீட்டில் அதையே மகளுக்குச் சோறு தீத்தப் பயன்படுத்தினான். பிள்ளைக்கு நாலு வயது. கவளத்தை உயரத் தூக்கிப் பிடித்து, “பொலி பொலி! எங்க பெருவாயன்?” என்பான். பிள்ளை இடுப்பில் கை வைத்து, “பெருவாயன் இல்ல, பெருவாயி!” என்று திருத்திவிட்டு வாயைப் பிளக்கும். பெண்பாலாக்கியது பிள்ளையின் சொந்த மூளை. இது மேடைக்குப் போகவில்லை. தேற்றாத்தீவில் கடலோரத்து வீட்டில், அவர்கள் மூன்று பேருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

கடல் வந்தது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை. நத்தார் தினத்தன்று, அதாவது கிறிஸ்மஸில், வந்ததாக எழுதுகிறார்கள், பிழை. நத்தார் அதற்கு முதல் நாள். அன்றிரவு மட்டக்களப்பு டவுனில் பறங்கியர் வீடொன்றில் விருந்து, அதில் மச்சானின் பகிடி. குடித்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டான். மறுநாள் காலையில் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டாவது அலை பிள்ளையைக் கையிலிருந்து பிடுங்கியது. அவளை வேலிக் கம்பியில் சிக்கிய நிலையில் எடுத்தோம். பிள்ளை கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததால் தங்கை நம்பத் தொடங்கினாள். பிள்ளைகளை யாரோ தூக்கிப் போனார்கள், எங்கோ வளர்க்கிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. இன்ன வீட்டில் இன்ன வயதில் ஒரு பெட்டை நிற்கிறது என்று யாராவது வந்து சொல்வார்கள். நாங்கள் போவோம். தங்கை அந்தப் பிள்ளையின் முன்னால் குந்தி, “பொலி பொலி! எங்க பெருவாயன்?” என்று மெதுவாகக் கேட்பாள். பிள்ளை விழிக்கும். தங்கை எழும்பி வந்துவிடுவாள்.

“முகம் மாறும் அண்ணா, பேரையும் மாத்திப்போடுவாங்க. இது மாறாது,” என்பாள். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. சொன்னா ஆரும் சொல்லிக் குடுத்து ஒரு புள்ளயக் கூட்டி வருவாங்க.”

மச்சானுக்கு அந்த அலை நல்லது செய்தது. இதைவிட மென்மையாக எழுத எனக்கு வரவில்லை. அகதிமுகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் ஒருநாள் அவன் நிவாரண வரிசையை நடித்துக் காட்ட, சனம் முதல்தடவையாகச் சிரித்தது. வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று அவனை முகாம் முகாமாக ஏற்றிப் போனது. பிறகு கொழும்பு, பிறகு தொலைக்காட்சி. தங்கையிடம் வருவது குறைந்து நின்றுபோனது. 2009 வைகாசியில் யுத்தம் முடிந்ததும் தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஒரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. மச்சான் அதற்குத் தொகுப்பாளன் ஆனான்.

தங்கை ஒரு கிழமையும் தவறாமல் பார்த்தாள். பின்னணியில் நிற்கும் பிள்ளைகளைத்தான் பார்த்தாள்.

ஒரு நிகழ்ச்சியில் பாசிக்குடா ஹோட்டலொன்றில் அவன் முன்னால் இறால் தட்டு வந்தது. ஓர் இறாலை உயரத் தூக்கிப் பிடித்து, “பொலி பொலி! எங்க பெருவாயன்?” என்றான். பக்கத்தில் நின்ற இளம் நடிகை இடுப்பில் கை வைத்து, “பெருவாயன் இல்ல, பெருவாயி!” என்று வாயைப் பிளந்தாள். பின்னால் சிரிப்பொலி சேர்த்திருந்தார்கள். தங்கை எழும்பிப் போய் தொலைக்காட்சியை இரு கையாலும் பொத்தினாள்.

அடுத்த கிழமையும் அது வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் வந்தது. நிகழ்ச்சியின் அடையாளமே அதுதான். பிஸ்கட் விளம்பரத்தில் வந்தது. எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் ஐஸ்பழம் வாங்கும்போது சொன்னார்கள்.

நான் அவனுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

“என்ன மச்சான், புறோகிறாம் பாக்கிறியா?”

“அது உன்ர மகள்ர சொல்லுடா.”

“மகள்ர சொல்லா? நான் கண்டுபிடிச்ச பகிடி, நான் பாவிக்கிறன்.”

“தங்கச்சி அத வச்சுத்தான் புள்ளயத் தேடுறாள். உனக்குத் தெரியும்.”

அவனுடைய மேடைக் குரல் வந்தது. “அப்ப நல்லதுதானே? இப்ப நாடு முழுக்கக் கேக்குது. மகள் உசிரோட இருந்தா, அவளும் டிவியப் பாத்துச் சிரிப்பாள். வைக்கிறன் மச்சான், சூட்டிங்.”

இதைத் தங்கைக்கு நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் படுவான்கரையில் உள்ள ஒரு சிறுமியர் இல்லத்திலிருந்து செய்தி வந்தது. கடல் வந்த மாதத்தில் கண்டெடுத்த பிள்ளை, உரிமை கோரியவர் யாருமில்லை, இப்போது பத்து வயது இருக்கலாம். பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், நானும் தங்கையும் போனோம். பிள்ளையைக் கண்டதும் நான் திகைத்தேன். எங்கள் அம்மாவின் நெற்றி. அல்லது அப்படி நினைக்க விரும்பினேன்.

இல்லத்துப் பொறுப்பாளர் நல்ல மனுஷி. “இரத்தம் பாக்கிறதெண்டா கோட்டுக்குப் போய் வழக்குப் போடோணும் அம்மா. இந்தப் புள்ளைய ஏற்கெனவே ரெண்டு குடும்பம் கேட்டு, இழுபட்டு, புள்ள சாப்பிடாமக் கிடந்தது. திரும்ப இழுக்கிறதெண்டா ஏதாவது ஒரு அடையாளம் சொல்லுங்க. மச்சம், தழும்பு, ஏதும்?”

“ஒரு சொல் இருக்கு,” என்றாள் தங்கை. வாவிக்கு இந்தப் பக்கம் டிவி வந்திராது என்று நம்பினாள் போலும்.

பிள்ளையின் முன்னால் குந்தினாள். “பொலி பொலி... எங்க பெருவாயன்?”

பிள்ளை உடனே இடுப்பில் கை வைத்தது. “பெருவாயன் இல்ல, பெருவாயி!” வாயைப் பிளந்தது.

தங்கை அதன் இரு தோளையும் பிடித்தாள். எந்தப் பிள்ளையிடமும் கிடைக்காத பதில் அது. ஆறு வருடங்களாகக் காத்திருந்த பதில்.

பொறுப்பாளர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். “இதுவா அடையாளம்?” என்று கேட்டுவிட்டு முற்றத்தைப் பார்த்துக் கை தட்டினார். “புள்ளையள்! பொலி பொலி! எங்க பெருவாயன்?”

தண்ணீர்க் குழாயடியில், ஊஞ்சலில், உடுப்புக் கொடியடியில் நின்ற அத்தனை சிறுமிகளும் இடுப்பில் கை வைத்து ஒரே குரலில் கத்தினார்கள். கடைசியில் நின்ற ஒன்றுக்கு மூன்று வயதுகூட இராது. கடல் வந்தபோது பிறந்திருக்காத பிள்ளை. அதுவும் கத்தியது. கத்திவிட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

“ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் டிவிக்கு முன்னால இருந்து பாக்கிறவங்க அம்மா,” என்றார் பொறுப்பாளர். “இத வச்சுக் கோட்டுக்கு என்னெண்டு எழுதிற?”

தங்கை அந்தப் பிள்ளையின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். காதைத் திருப்பிப் பார்த்தாள், விரல்களை விரித்துப் பார்த்தாள். நாலு வயதில் பிடுங்கப்பட்ட பிள்ளையைப் பத்து வயதில் அடையாளம் காண அவளிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. படங்களையும் கடல் கொண்டுபோயிருந்தது. கடைசியில் கைகளை எடுத்தாள்.

பிள்ளை அவளுடைய சேலைத் தலைப்பை விடவில்லை. மற்றச் சிறுமிகளுக்குக் கேட்காதபடி கிட்ட வந்து கேட்டது:

“நான் சரியாச் சொன்னனா?”

“ஓம் மகள்,” என்றாள் தங்கை. “எல்லாருந்தான் சரியாச் சொன்னீங்க.”