மறுகா என்ற பொத்தான்

சுபைர் நானா காலமான செய்தி காலை ஏழேகாலுக்கு என் கைத்தொலைபேசிக்கு வந்தது. ஏறாவூரிலிருந்து அவருடைய மூத்த மகன் நௌஷாத் அனுப்பியிருந்தார். மேலே அரபு வாக்கியம். கீழே, "வாப்பா வபாத்தாகிவிட்டார். ஜனாஸா நல்லடக்கம் லுஹர் தொழுகைக்குப் பின்." செட்டிபாளையத்தில் என் வீட்டில், கணினியைத் திறந்துவிட்டுத் தேநீருக்குக் காத்திருந்த நேரம் அது. திரையின் நடுவே ஒரு பெட்டி நின்றது. இணையப் பக்கங்களைப் பார்க்கும் உலாவியைப் புதுப்பிக்க வேண்டுமாம். அதில் இரண்டு பொத்தான்கள்: "இப்போதே புதுப்பி", "பின்னர்". பின்னரை அழுத்திவிட்டு எழுந்து உடுப்பு மாற்றினேன்.

அந்தப் "பின்னர்" இருக்கும் இடத்தில் சில காலம் வேறொரு சொல் இருந்தது. அதைத் தட்டி வைத்தவர் சுபைர் நானா. அவருக்கு அந்தச் சொல்லால் என்ன நடந்தது என்பதையும், அதில் என் பங்கு என்ன என்பதையும் இங்கே எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஏறாவூர் பிரதான வீதியில், தையல் கடைக்குப் பக்கத்தில், நான்கு கணினிகள் வைத்த அவருடைய கடை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, விசா விவரம் என்று ஏதாவது ஒன்றுக்காக நாம் எல்லோரும் அங்கே உட்கார்ந்திருக்கிறோம். சவூதியில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் கணினி பழகி வந்தவர். ஆனால் அவருடைய இரண்டாவது வேலை உங்களில் பலருக்குத் தெரியாது. உலகம் முழுவதும் பாவிக்கப்படும் ஓர் உலாவியின் திரையில் தமிழில் வரும் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லையும் அவர்தான் எழுதினார். சம்பளம் இல்லை. தொண்டர்கள் எழுதுவார்கள், உரிமை பெற்ற ஒருவர் ஒப்புதல் தருவார். தமிழுக்கு எழுதியவரும் பெரும்பாலும் அவர், ஒப்புதல் தந்தவரும் அவர். பன்னிரண்டு வருடம்.

அவர் வேலை செய்த விதத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அகராதியை முதலில் திறக்கமாட்டார். கடைக்கு வருகிறவர்களின் விரலைப் பார்ப்பார். எந்தச் சொல்லுக்கு முன்னால் விரல் நிற்கிறதோ அந்தச் சொல்லைத் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் இடப்பக்கம் எழுதுவார். அந்த ஆள் வாய்விட்டுச் சொன்னதை வலப்பக்கம் எழுதுவார். ஒருமுறை செங்கலடியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர், திரையில் "வரலாற்றை அழி" என்று இருந்ததைக் கண்டு கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

"என்ன நானா இது? நம்மட வரலாற்ற அழிக்கிறதுக்கு இனி பெட்டியும் வந்திட்டா?"

"சேர், அது நீங்க பாத்த பக்கங்கள அழிக்கவா எண்டுதான் கேக்குது."

"அப்ப அத அப்படிக் கேக்கச் சொல்லுங்க. இப்படிக் கேட்டா நான் ஓம் எண்டு சொல்லுவனா?"

அடுத்த பதிப்பில் அது "பார்த்த பக்கங்களை அழி" என்று மாறியிருந்தது. ஆசிரியருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டும் என்று சுபைர் நானாவும் நினைக்கவில்லை. "ஒரு சொல்லப் பத்தி ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்லண்டா அது சரியா இருக்கு எண்டு அர்த்தம்" என்பார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ஆசியா உம்மா என்பவர் கத்தாரில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துக் கதைக்கக் கிழமைக்கு ஒருமுறை கடைக்கு வருவார். ஒரு நாள் அழைப்பு வரும் நேரத்தில் இந்தப் புதுப்பிக்கும் பெட்டி வந்து நின்றது. அவர் "இப்போதே"யை அழுத்திவிட்டார். இயந்திரம் தன் வேலையைத் தொடங்கியது. மகனுக்குக் கிடைத்த இடைவேளை முடிந்துபோனது.

"ஏன் உம்மா மற்றத அமத்தல்ல? பின்னர் எண்டு பெரிசாக் கிடக்கே."

"பின்னர் எண்டா ஆரு நானா? எனக்கு அப்படி ஒருத்தரையும் தெரியா. தெரியாத ஆள அமத்துவாங்களா?"

கடை முழுவதும் சிரித்ததாம். அவரும் சிரித்தாராம். பிறகு, "மறுகா எண்டு எழுதி இருந்தா அமத்தி இருப்பன்" என்றாராம். மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுபோலச் சொல்லும் சொல் அது. பிறகு, அதற்கப்புறம், இன்னொரு நேரம், எல்லாவற்றுக்கும் மறுகாதான். சுபைர் நானா அதைக் கொப்பியில் எழுதினார். அன்றே உலாவியிலும் எழுதினார். ஒப்புதல் தர வேண்டியவரும் அவரே என்பதால் தடுக்க யாரும் இருக்கவில்லை. அவர் செய்த பிழை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். தமிழ் பேசும் எல்லோருக்கும் ஒரு கடை வாசல்தான் என்று அந்த ஒரு நாள் அவர் நினைத்துவிட்டார்.

என்னுடைய பிழை அடுத்ததாக வருகிறது. என் கணினியில் அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்கு ஒரு துள்ளல். தொலைபேசி எடுத்தேன்.

"நானா, நம்மட மறுகா உலகம் பூரா போயிருக்கு. ஞாயிறுப் பேப்பருக்கு எழுதப் போறன்."

"எழுதுங்க தம்பி. என்ட பேர மட்டும் போடாதீங்க."

"ஏன்?"

"அது என்ட சொல்லு இல்லயே. ஆசியா உம்மாட வாயில வந்தது. நான் தட்டினது மட்டும்தான்."

"சும்மா அடக்கமாக் கதைக்காதீங்க."

"அடக்கமில்ல தம்பி. உள்ளதச் சொல்றன்."

முப்பது வருடத்துக்கு மேல் செய்தி எழுதியவன் நான். பெயர் இல்லாத செய்தி அரைச் செய்தி என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அவர் சொன்னதை ஒரு தகவலாக நான் கேட்கவில்லை, பெரிய மனிதர்களின் வழக்கமான மறுப்பாகக் கேட்டேன். பெயரையும் ஊரையும் கடையையும் போட்டு எழுதினேன். ஆசியா உம்மா என் செய்தியில் இல்லை. "மறுகாவைத் தந்த ஏறாவூர் சுபைர்" என்று தலைப்பு வந்தது. இரண்டு நாள் எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள்.

மூன்று கிழமை கழித்து அந்தப் பெரிய புதுப்பிப்பு வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். மேலே வரிசையாக இருந்த பக்கங்கள் இடப்பக்கம் தூணாகிவிட்டன. முகவரி எழுதும் கோடு கீழே போயிற்று. திரும்பிப் போகும் அம்பு, சுட்டியைக் கொண்டுபோனால்தான் முகம் காட்டும் என்று ஒளிந்துகொண்டது. யாரும் கேட்காத மாற்றங்கள். உலகம் எங்கும் ஏசினார்கள். ஏறாவூரில் கடைக்கு வந்தவர்களும் ஏசினார்கள். "நேத்து இருந்த அம்பு எங்க நானா? கழட்டி வித்துட்டயளா?" என்று ஒருவர் கேட்டதை அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார். அது சிரிக்கக்கூடிய ஏச்சு.

மற்றது அப்படி இல்லை. கடல் கடந்த தமிழர்களுக்கும் தமிழகத்தில் இருப்பவர்களுக்கும் "மறுகா" என்று ஒரு சொல் இல்லை. அவர்கள் அதை எழுத்துப்பிழையோடு கூடிய "மறுக்க" என்று வாசித்தார்கள். வேண்டாம் என்று மறுப்பதாக நினைத்து அழுத்தினார்கள். கணினியை மறுபடி திறந்தபோது புதுப்பிப்பு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு அந்த உலாவியின் கருத்துப் பகுதி கொதித்தது. மறுத்த பிறகும் ஏற்றிவிட்டார்கள், ஏமாற்று, கையெழுத்துப் போடத் தெரியாதவனைத் தமிழ் எழுத விட்டிருக்கிறார்கள். கொங்கு நாட்டிலிருந்து ஒருவர் மட்டும், "எங்கள் ஊரில் மறுக்கா என்றால் மீண்டும் என்று பொருள், அதுவாக இருக்குமோ" என்று நிதானமாகக் கேட்டிருந்தார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் புதுப்பிப்பைத் தீர்மானித்தவர்களுக்கு முகம் இல்லை. தமிழில் ஏச ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்பட்டது. அதை என் செய்தி கொடுத்தது. யாரோ அதைப் படம் பிடித்து ஒட்டினார்கள். பெயர், ஊர், கடை, எல்லாம் சரியான எழுத்துக்களில். அதன் பிறகு சொல்லை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தார்கள். இவர்களுக்கு எப்போது தமிழ் சொந்தமானது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விருப்பக்குறி இட்டவர்களில் என் சொந்தக்காரர் ஒருவரின் பெயரையும் கண்டேன். அவர் வீட்டிலும் காலையிலிருந்து மாலை வரை மறுகாதான்.

நான் கடைக்குப் போனபோது அவர் எனக்கு ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். தானாகப் போகும் வகைக் கடிதம், தமிழில் இருந்தது. "உங்கள் அனுமதிகள் மாற்றப்பட்டுள்ளன. உங்கள் பங்களிப்புக்கு நன்றி." ஒப்புதல் தரும் உரிமையும் எழுதும் உரிமையும் போயிருந்தன. காரணம் எழுதப்படவில்லை.

"இந்த ரெண்டு வரியையும் தமிழாக்கினது நான்தான் தம்பி. வந்த புதுசில செஞ்சது. ஆருக்குப் போகும் எண்டு அப்ப யோசிக்கல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "இப்ப பாத்தா கொஞ்சம் கடினமாத்தான் கிடக்கு. வேற மாதிரி எழுதி இருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று போனேன். தேநீர் வந்தது, குடித்தேன். அவர்தான் கதையைத் தொடங்கினார்.

"ஏசுறவங்கள விடுங்க. ஒண்டு யோசிச்சுப் பாத்தயளா? இங்கிலீசிலயும் ரெண்டு பொத்தான்தான். இப்ப, பிறகு. வேணாம் எண்டு ஒண்டு இல்லவே இல்ல. எந்தப் பாசையிலயும் இல்ல. இல்லாத பொத்தானுக்கு நான் என்ன பேர் வைக்கிற? அத ஒருத்தரும் கேக்கல்ல. நீங்க எழுதினா அத எழுதுங்க."

நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பத்திரிகை அலுவலகத்தில் சொன்னேன், அது பழைய கதை என்றார்கள். வற்புறுத்தவில்லை. இரண்டு தடவை அவர் தொலைபேசியில் நினைவூட்டினார். இரண்டாவது தடவை நான் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

"மறுகா எழுதுறன் நானா."

அந்தப் பக்கம் அவருடைய சிரிப்பு. "அமத்துங்க, அமத்துங்க. அந்தப் பொத்தான வச்சவன் நான்தானே."

அதுதான் அவரோடு கடைசிப் பேச்சு. இந்த விவகாரத்தால்தான் அவர் இறந்தார் என்று நான் எழுதமாட்டேன். அவருக்கு நெடுநாள் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. நெஞ்சு வலி வந்து இரண்டு நாளில் போய்விட்டார். ஆனால் கடைசி ஒரு வருடம் அவர் சொற்களை எழுத இடமில்லாமல் இருந்தார் என்பதை எழுதுவேன். விரல்களைப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. கொப்பி நிரம்பிக்கொண்டிருந்தது. அது எங்கும் போய்ச் சேரவில்லை. உலாவியில் "மறுகா"வை எடுத்துவிட்டுப் "பின்னர்" போட்டார்கள். "பார்த்த பக்கங்கள்" மறுபடி "வரலாறு" ஆகியிருக்கிறது. ஏசியவர்களில் ஒருவரும் அந்த வேலையைச் செய்ய முன்வரவில்லை. இப்போது புதிதாக வரும் பெட்டிகள் பாதி ஆங்கிலத்தில் வருகின்றன. அதைப் பற்றிக் கருத்துப் பகுதியில் ஒரு சத்தமும் இல்லை.

மையவாடியில் மண் போட்டு முடிந்ததும் நௌஷாத் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்தார். நடுப்பக்கத்தில் என் செய்தி, பத்திரிகையிலிருந்து நேராகக் கத்தரித்து ஒட்டப்பட்டிருந்தது. தலைப்பில் "சுபைர்" என்ற பெயர் பென்சிலால் வெட்டப்பட்டு, மேலே "ஆசியா உம்மா" என்று எழுதப்பட்டிருந்தது. செய்திக்குள் அவர் பெயர் வந்த நான்கு இடத்திலும் அப்படியே. ஓரத்தில் ஒரே ஒரு சொல்: திருத்தம். கோபமான கோடு இல்லை. ஒப்புநோக்குபவர் அச்சுப் பிரதியில் போடும் கோடு.

"உங்களுக்குக் குடுக்க எண்டுதான் வச்சிருந்தாங்க" என்றார் நௌஷாத். "வருவார், வருவார் எண்டு சொல்லிட்டே இருந்தாங்க."

வாசலில் ஆசியா உம்மா நின்றுகொண்டிருந்தார். கடை பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் வந்திருந்தார். பெயரைப் போடலாமா என்று இம்முறை முதலில் கேட்டேன்.

"போடுங்க தம்பி. நான் சொன்ன சொல்லுத்தானே. ஏசுறதண்டா இனி எனக்கு ஏசட்டும்."

கொப்பி குடும்பத்திடம் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் நௌஷாத் எனக்குக் கழற்றித் தந்தார். சுபைர் நானாவிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதில் அவர் போட்ட திருத்தத்தைப் பத்திரிகை வழக்கப்படி இங்கே பிரசுரிக்கிறேன்.

திருத்தம்: முன்னர் வெளியான எனது செய்தியில், உலாவியின் "மறுகா" என்ற சொல்லைத் தந்தவர் ஏறாவூர் சுபைர் என்று தவறாக எழுதப்பட்டது. அதைத் தந்தவர் ஏறாவூர் ஆசியா உம்மா. சுபைர் அதைத் தட்டச்சுச் செய்தார். பெயர் போட வேண்டாம் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். மறுக்கும் பொத்தான் எந்த மொழியிலும் இருக்கவில்லை.